247 எழுத்தட்டைப் பெட்டி: ‘தாத்தா’வை அடுக்க முடியாது

ஒன்றாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே திண்ணையில் உட்காரும் மாலை வகுப்புகளுக்காக, பாளையங்கோட்டை ஸ்டேஷனரி கடைகளில் வாங்கிப் போகிற பெட்டி இது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, கணக்கு சரி. அட்டையும் கெட்டி. ஆனால் எழுத்துக்கு ஒன்றுதான். சின்னப் பிள்ளைகள் முதலில் அடுக்கப் பார்ப்பது தாத்தா, மாமா, பாப்பா. மூன்றுமே முடியாது, இரண்டாவது தா, மா, பா இல்லை.

ஙா முதல் ஙௌ வரை 11 அட்டையோ சும்மா கிடக்கிறது. பின்பக்கம் வெள்ளைதான். மார்க்கரில் தா, மா, பா, ப, ம், ன், க், த், ப், ட், ல் என்று எழுதிவிட்டால் பெட்டி வேலைக்கு ஆகும். தயாரித்தவர்களே செய்திருக்கலாம்.

பெட்டியை அப்படியே கவிழ்க்காதீர்கள், தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ப, ட, ம, ர, ட், இரண்டு ம் போதும். ஏழே அட்டையில் படம், மரம், பட்டம், மட்டம், ரம்பம் வந்துவிடும். அடுக்கியவர் கையில் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த, முதல் படியான ‘நுழை’ நிலைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, அதே எழுத்துகளைத் தேடச் சொல்லலாம். ஒரு கோளாறு: ர-வுக்குக் கீழே சாய்கோடு இல்லை. த பக்கத்தில் ர-வை வைத்துத் ‘தா’ என்று வாசிக்கிற பிள்ளை மேல் தப்பில்லை. பேனாவால் கோட்டை இழுத்துவிடுங்கள்.

மூன்று முதல் ஐந்து வரை ழ, ள. இந்தப் பக்கம் பழம் வாயில் ‘பளம்’ என்றுதான் வரும். வா, லை இரண்டையும் வைத்து, ஒரு மீன் பெயரும் ஒரு மரத்தின் பெயரும் அடுக்கச் சொன்னால் ஏமாந்துபோவார்கள். வாளை, வாழை இரண்டுக்கும் வேண்டியது ளை, ழை. அதை அவர்களே பெட்டியில் தேடி எடுக்கட்டும்.

ஆறாம் வகுப்புக்கு மேல் இதே பெட்டியில் புணர்ச்சி, அதாவது இரண்டு சொல் சேரும்போது எழுத்து மாறுவதை நடத்தலாம். உண்மையில் பெட்டி பிரகாசிப்பது இங்கேதான். ‘பனை’, ‘காய்’ என்று வைக்கச் சொல்லுங்கள். னை-யை எடுத்துவிட்டு ன, ங் வைத்தால் பனங்காய். காய்க்குப் பதில் தோப்பு வந்தால் ங் போய் ந், பழம் வந்தால் ம். பின்னால் வரும் வல்லினத்துக்கு அதன் இன மெல்லினம் முன்னால் வந்து நிற்பதைக் கை கண்டுகொள்ளும். ஓலை வந்தால் மட்டும் பனை அப்படியே நிற்கும். ஓ எழுந்து யோ உட்காரும். பனங்கிழங்கைத் தொடாதீர்கள், அதற்கு இரண்டு ங் வேண்டும்.

வீட்டில் ஒரே பிள்ளை என்றால் பழைய காலண்டர் அட்டையை வெட்டிக்கொண்டாலே போதும். பத்துப் பேருக்கு மேல் என்றால் இரண்டு பெட்டி. வரிசைக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். ஆடிக் காற்றில் திண்ணையில் விரித்தால் பாதி அட்டை தெருவில் கிடக்கும்.