நாலு வருசம் ஸ்ரொக்கிங்ஸ் போட்ட கால்

யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் 19 வருடமாக நின்றே வேலை செய்கிறேன். இடது காலில் நாளம் சுருண்டு புடைத்து, பின்னேரமானால் உளைவு தாங்க முடியாமல் போனபோதுதான் டொக்டரிடம் போனேன். நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் சரியாக மூடாததால் இரத்தம் கீழே திரும்பி வருகிறது என்று, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில் தெரிந்தது. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் அடைப்பு உள்ளவர்களுக்கு இறுக்கமான ஸ்ரொக்கிங்ஸ் ஆபத்து என்பதால், பாதத்தில் துடிப்பைப் பார்த்த பிறகுதான் இரண்டாம் வகுப்பு (இறுக்கத்தின் அளவு) ஸ்ரொக்கிங்ஸ் எழுதித் தந்தார்.

முதல் சோடியை ஒரு பாமசியில் அளவெடுக்காமல் வாங்கினேன். மேல் விளிம்பு சுருண்டு, முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டினமாதிரி வெட்டியது. இரண்டு கிழமையில் கழற்றி வைத்துவிட்டேன். பிறகு காலையில், வீக்கம் வருமுன் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து லண்டனில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பினேன். அவள் வாங்கி அனுப்பியது அப்படியே பொருந்தியது.

போடுவதுதான் பெரிய பாடு. கட்டிலை விட்டு இறங்குமுன் போட வேண்டும். கிணற்றடிக்குப் போய் முழுகிவிட்டு வந்தால் ஈரக்காலில் ஏறவே ஏறாது. அதனால் முழுக்கை இரவுக்கு மாற்றிவிட்டேன். குதிவரை உள்ளே புரட்டி, குதியைச் சரியாக இருத்தி, ரப்பர் கையுறை போட்டு மெல்ல மேலே தடவினால் ஏறிவிடும். சித்திரை வெயிலில் வேர்த்துக் கடிக்கும், உண்மைதான். எண்ணெய், கிறீம் எல்லாம் இரவில்தான். அவை இழையைக் கெடுத்துவிடும். கையால் கழுவி நிழலில் காயவைத்தாலும் ஆறு மாதத்தில் பிடி தளர்ந்துவிடுகிறது.

ஒருமுறை நல்லூர்த் தேரன்று போடாமல் போய்க் காலை முழுக்க நின்றேன். பின்னேரம் கணுக்காலில் விரலால் அமத்தினால் குழி விழுந்தது.

ஆனால் உளைவு குறைந்ததே தவிர நாளம் போகவில்லை. மூன்றாம் வருடம் கணுக்காலுக்கு மேலே தோல் கறுக்கத் தொடங்கியது. அதைக் கண்டதும் தாமதிக்காமல் போயிருக்க வேண்டும். நான் ஐந்து மாதம் இழுத்தடித்தேன். சிகிச்சை இந்த வரிசையில்தான்: பழுதான நாளத்தை லேசராலோ ரேடியோ அலையாலோ சூடாக்கி மூடுவது, அது சரிவராவிட்டால் நுரையான மருந்தை ஏற்றி நாளத்தை மூடும் நுரை ஊசி, அதுவும் சரிவராவிட்டால் ஒப்பரேசன். பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதே வரிசையைத்தான் சொல்கிறது.

கொழும்பில் லேசர் செய்தேன். விறைப்பு ஊசி மட்டும்தான். அன்றைக்கே நடந்து வெளியே வந்தேன். உடனே நீண்ட பயணம் வேண்டாம் என்று வெள்ளவத்தையில் மாமா வீட்டில் ஒரு கிழமை தங்கி, தினமும் கடற்கரைப் பக்கம் நடந்தேன். இடது காலில் இப்போது உளைவு இல்லை. கறுத்த தோல் மட்டும் அப்படியே இருக்கிறது.

வலது காலிலும் லேசாக நாளம் தெரிகிறது. அதற்கு ஸ்ரொக்கிங்ஸ் போட்டுக்கொண்டே, இந்த முறை தள்ளிப்போடாமல் ஸ்கானுக்கு நாள் எடுத்துவிட்டேன்.