வாஞ்சூர் தாண்டும் ரிவால்வர்: மாநிலம் மாறும்போது லைசென்ஸ் மாற்றும் சேவை எப்படி?

நாகூருக்கும் காரைக்காலுக்கும் நடுவே எல்லையிலுள்ள வாஞ்சூர் செக்போஸ்ட்டில் போலீஸ் தேடுவது பெரும்பாலும் பாட்டிலைத்தான். காரைக்காலிலிருந்து இந்தப் பக்கம் என்ன வருகிறது என்பதுதான் அங்கே கவலை. நாகூர்க்காரருக்கும் காரைக்கால் பக்கத்து ஊர்தான். காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் துப்பாக்கி லைசென்ஸில் 'செல்லுபடியாகும் பகுதி' என்ற கட்டத்தில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றோ தமிழ்நாடு என்றோ இருந்தால், வாஞ்சூரோடு அந்த லைசென்ஸின் எல்லை முடிந்தது. அந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். கலெக்டர் வேறு, கோப்பு வேறு.

வீடு மாறுகிறவர்களுக்காக அரசு தரும் சேவை ஒன்று இருக்கிறது. மத்திய உள்துறையின் ஆயுத லைசென்ஸ் தளமான என்.டி.ஏ.எல். அலிஸ் இணையதளத்தில் விண்ணப்பித்து, பழைய ஊர் கலெக்டர் அலுவலகம், புதிய ஊர் கலெக்டர் அலுவலகம் இரண்டின் வழியாக லைசென்ஸைப் புது முகவரிக்குப் பதிந்துகொள்வது. சேவை மோசமில்லை. வரிசை தப்பினால்தான் மோசம். காகிதம் முதலில் போக வேண்டும், துப்பாக்கி கடைசியில் போக வேண்டும். நம் ஆட்கள் செய்வது பெரும்பாலும் தலைகீழ்.

சட்டம் கேட்பது சிக்கலானது இல்லை. சொந்தப் பாதுகாப்புக்கான படிவம் 3 லைசென்ஸின் நிபந்தனையிலேயே இருக்கிறது: நிரந்தரமாகவோ, தற்காலிகமாக 30 நாளுக்கு மேலோ வேறு ஊருக்குக் குடிபோய், ஆயுதத்தையும் கொண்டுபோனால், மாறிய 30 நாளுக்குள் லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கும் புதிய ஊர் அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புதியவர் கேட்டால் லைசென்ஸையும் ஆயுதத்தையும் நேரில் காட்டிப் பதிவு வாங்க வேண்டும். நிபந்தனையை மீறினால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 30ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்லாத லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்கு போனால் கதை வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு. காவிரி பிறக்கும் குடகில் கொடவர்களுக்கு லைசென்ஸ் எடுப்பதிலிருந்தே விலக்கு இருக்கிறது. காவிரி கடலில் கலக்கும் நம் பக்கத்தில் அந்தச் சலுகையும் கிடையாது.

இணையதளத்துக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். லைசென்ஸுக்கு யூ.ஐ.என். என்ற தனி அடையாள எண் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அது இல்லாத பழைய சிவப்பு, பச்சைப் புத்தகங்கள் இன்று செல்லாது. அதைச் சரிசெய்யாமல் மாநிலம் மாற்றும் பேச்சே எழாது. எண் இருந்தால் கோப்பு இரண்டு ஊருக்கும் திரையிலேயே தெரியும். முன்பெல்லாம் பழைய ஊரிலிருந்து தபால் வரும் வரை காத்துக் கிடக்க வேண்டும், அந்த வகையில் இது பெரிய விடுதலை. மூன்று மட்டும் கொடுக்கக் காரணம், பழைய புத்தகங்களிலிருந்து தரவு ஏற்றியபோது நுழைந்த எழுத்துப் பிழைகள். லைசென்ஸில் 'எஸ்.முத்துக்குமாரசாமி', ஆதாரில் தகப்பன் பெயர் முழுதாகப் பின்னால். இந்த ஒரு வித்தியாசத்தில் கோப்பு நின்றுவிடும். ஆதார் முகவரியைப் புது ஊருக்கு முதலில் மாற்றிவிட்டு, பெயர் லைசென்ஸில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் போடுங்கள்.

பெயரைவிடப் பெரிய தலைவலி ஆயுத விவரம். துப்பாக்கியை வெளியே எடுத்து, குண்டு இல்லை என்று உறுதிசெய்து, பகல் வெளிச்சத்தில் உடலில் பொறித்த எண்ணைப் படியுங்கள். பழைய வெளிநாட்டு ரிவால்வர்களில் கைப்பிடி ஓரம் தேய்ந்து 8 என்பது 3 போலத் தெரியும். சுழியம், 'ஓ' எழுத்துக் குழப்பம் தனி. அந்த எண், புத்தகத்தில் உள்ள எண், தளத்தில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து குழல் அளவு. கான்பூர் ஆர்ட்னன்ஸ் ரிவால்வரும் .32, இஷாப்பூர் அஷானி பிஸ்டலும் .32. புத்தகத்தில் இரண்டுக்குமே வெறும் '.32' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ரிவால்வருக்குப் போவது எஸ் அண்டு டபிள்யூ லாங் தோட்டா, பிஸ்டலுக்கு ஏ.சி.பி. தோட்டா, ஒன்று மற்றதுக்குச் சேராது. ஆயுத வகை என்ற இடத்தில் ரிவால்வரா பிஸ்டலா என்பது தவறாக இருந்தால், புது ஊரில் தோட்டா வாங்கப் போகும் அன்றுதான் அந்தச் சிக்கல் வெடிக்கும். திருத்தம் கேட்பதென்றால் கிளம்பும் முன்பே பழைய அலுவலகத்தில் கேளுங்கள். அசல் பதிவேடு அவர்களிடம்தான் இருக்கிறது.

பழைய அலுவலகத்தில் இன்னொன்றையும் தீர்த்துவிட வேண்டும். 2019 திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பதை இரண்டாகக் குறைத்தது. தாத்தா காலத்து 12 போர் இரட்டைக் குழல், அப்பாவின் ரைபிள், பிறகு வாங்கிய ரிவால்வர் என்று மூன்றும் ஒரே பெயரில் நிற்கும் மிராசு வீடுகள் டெல்டாவில் உண்டு. மூன்றாவது துப்பாக்கி இணையதளத்தில் தெரிந்தால் இடமாற்றமும் அங்கேயே நிற்கும். லைசென்ஸ் முடிய சில மாதங்களே இருந்தால், வீடு மாறும் முன்பே புதுப்பித்துக்கொள்வது நல்லது. இப்போது 5 ஆண்டுக்குக் கிடைக்கிறது, முன்பு 3 தான்.

மயிலாடுதுறைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில் மாவட்டம் பிரிந்தது. புத்தகத்தில் இன்னும் 'நாகப்பட்டினம் மாவட்டம்' என்றே இருக்கிறவர்கள், மாநிலம் மாறாவிட்டாலும் பகுதிப் பதிவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நாகையிலிருந்து மயிலாடுதுறைக்கு காரைக்கால் வழியாகப் போவதும் இதில்தான் சேரும். தரங்கம்பாடி, நாகை இரண்டுமே தமிழ்நாடு, ஆனால் கடற்கரைச் சாலையில் நடுவே வேறு ஆட்சி. தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸ் என்றால் திருவாரூர், பூந்தோட்டம், பேரளம் வழியே சுற்றிப் போங்கள்.

இந்தச் சேவையின் உண்மையான ஓட்டை இனிதான் வருகிறது. ஆயுதத்தைக் காட்டினால்தான் புதிய அலுவலகம் பதியும். ஆனால் பதியும் வரை ஆயுதத்தை அந்த எல்லைக்குள் கொண்டுபோகச் செல்லுபடி இல்லை. இதைத் தளமும் விளக்கவில்லை, கவுண்டரிலும் தாமாகச் சொல்வது அபூர்வம். வழி இருக்கிறது: தேதி, பாதை, ஆயுத எண், தோட்டா எண்ணிக்கை எல்லாம் குறித்து, கொண்டுபோவதற்கான அனுமதியைப் பழைய அதிகாரியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் போவது. அதுவரை துப்பாக்கி புறப்பட்ட மாவட்டத்திலேயே டெபாசிட்டில் இருக்கட்டும்.

போகும் நாளில் துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டிக்குள், தோட்டா தனியாக, அசல் லைசென்ஸ் கையில். ஜெராக்ஸ் போதாது. உரிமையாளர்தான் எடுத்துப்போக வேண்டும். மகனிடமோ டிரைவரிடமோ கொடுத்தனுப்பினால் அந்த நேரத்தில் அது லைசென்ஸ் இல்லாதவர் கையில் இருக்கும் ஆயுதம். அடிக்கடி நடக்கும் தவறு இதைவிட எளிமையானது: பீரோ லாக்கரில் ரிவால்வர் இருப்பதை மறந்து, பீரோவைப் பூட்டியபடியே லாரியில் ஏற்றிவிடுவது. சாமான் இறக்கும் கூலி ஆட்கள் நான்கு பேரோடு அது வாஞ்சூர் தாண்டுகிறது.

டெபாசிட்டுக்கு இரண்டு இடம் உண்டு. போலீஸ் ஸ்டேஷன் இலவசம், பத்திரம். ஆனால் எண்ணெய் போட்டுத் துடைப்பது அவர்கள் வேலை இல்லை. லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் வாடகை கேட்பார்கள், பராமரிப்பும் கிடைக்கும்; கடையின் லைசென்ஸில் பிறர் ஆயுதத்தை டெபாசிட் வைக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், விற்பனைக்கு மட்டும் உள்ள கடையும் உண்டு. எங்கே வைத்தாலும் ரசீதில் ஆயுத எண், குழல் அளவு, தோட்டா எண்ணிக்கை, நிலை நான்கும் எழுதியிருக்க வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், தோல் உறையோடு வைத்தால் இரண்டே மாதத்தில் துரு ஏறும். தோல் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். உறையைக் கழற்றி, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசின் போலக் கெட்டியாகி உருளை சுற்றாமல் பிடித்துக்கொள்ளும்.

தேர்தல் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சட்டமன்றத் தேர்தல் ஒன்றாக வருவதுண்டு. 2021இல் இரண்டுக்கும் ஏப்ரல் 6 அன்றே வாக்குப்பதிவு. நடத்தை விதி வந்ததும் துப்பாக்கிகளை ஒப்படைக்க உத்தரவு வரும், கோப்பு பாதியில் நின்றால் எந்த ஸ்டேஷனில் ஒப்படைப்பது என்பதே சிக்கலாகிவிடும்.

புது ஊரில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். இரும்புப் பெட்டியோ பூட்டும் அலமாரியோ சுவரில் பொருத்தியிருந்தால் அறிக்கை சீக்கிரம் போகும். பதிவு முடிந்து புத்தகம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் பாருங்கள்: புது முகவரி, செல்லுபடிப் பகுதியில் புதுச்சேரி, அதே யூ.ஐ.என்., கையெழுத்தின் மேல் தெளிவான சீல். வீட்டுக்கு வந்து தளத்திலும் அதே விவரம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுநாளே போய்க் கேளுங்கள், தோட்டாக் கடைக்காரர் பார்ப்பது அந்தத் திரையைத்தான்.