எண்ணும் எழுத்தும் சேர்ந்த முகவரி: தமிழ் இணையத்தளங்களில் நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

வெள்ளவத்தையில் ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது. அதன் விளம்பர இணைப்பு வட்ஸ்அப்பில் வருகிறது. ஒரு கேள்விக்குறி, அதன்பின் வகை எண், பதிவு எண், மொழிக் குறி. திறந்து பார்க்காமல் அது வீடா, வாகனமா என்று யாருக்கும் தெரியாது. தேடல் முடிவில் பார்ப்பவருக்கும் அதே நிலைதான்.

அப்பாச்சி வழங்கி, பி.எச்.பி நிரல்மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்ற வழக்கமான கூட்டில் இயங்கும் தமிழ்த் தளங்களுக்குக் காலம் தாங்கும் வடிவம் இது: /வீடு/4821/வெள்ளவத்தை-வாடகை-வீடு. பக்கத்தைத் தேடி எடுப்பது 4821 மட்டுமே. பின்னால் வரும் சொற்பகுதி, அதாவது ஸ்லக், வாசிப்பவருக்கும் தேடுபொறிக்கும். தலைப்பை மட்டும் முகவரியாக வைப்பது பார்க்க இன்னும் அழகாக இருக்கும். ஆனால் லகர ளகர ழகரப் பிழையொன்றைத் தலைப்பில் திருத்தியதும் முகவரியும் மாறி, ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் எல்லாம் செத்துவிடும். எண் இருந்தால் அந்தக் கவலை இல்லை. வந்த ஸ்லக்கைத் தரவுத்தளத்தில் உள்ளதுடன் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் சரியான முகவரிக்கு 301, அதாவது 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று திருப்பி அனுப்பும் பதில், கொடுத்தால் போதும். இணைப்பின் வால் அறுந்து போனாலும் எண் மிஞ்சியிருந்தால் பக்கம் திறக்கும்.

இந்த ஒப்பீட்டில் ஒரு பொறி உண்டு. பி.எச்.பிக்குக் கிடைக்கும் கோரிக்கை முகவரியில் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறிகளாக (%) மாற்றப்பட்ட வடிவில் இருக்கும். அதைத் திரும்பத் தமிழ் எழுத்தாக்காமல் ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது. தளம் தன்னைத் தானே திருப்பி அனுப்பிக்கொண்டேயிருக்க, உலாவி கைவிட்டுவிடும். முதலில் தமிழாக்கி, பிறகு ஒப்பிட வேண்டும். திருப்பி அனுப்பும்போது மீண்டும் சதவீத வடிவுக்கு மாற்ற வேண்டும்.

ஸ்லக்கின் நீளத்தைக் கணக்குப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். 'கொழும்பு' நமக்கு 4 எழுத்து. யுனிகோடுக்கு அது 8 குறி. ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீத அடையாளமும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9 இடம், 'கொழும்பு' என்ற ஒரு சொல்லுக்கு 72 இடம். சிங்களத்துக்கும் இதே கணக்குத்தான். உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழாகத் தெரிவது, நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் காடாகிவிடும்.

வேர்ட்பிரஸ் தளங்களில் இதன் விளைவைக் கண்ணால் காணலாம். அங்கே ஸ்லக்குக்கு 200 இடம்தான். 'வெள்ளவத்தை வாடகை வீடு இரண்டு அறை' என்று தலைப்பிட்டால், முதல் மூன்று சொற்களே இடைக்கோடுகளுடன் 173 இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சியதில் 'இர' மட்டும் ஒட்டிக்கொண்டு, முகவரி '-வீடு-இர' என்று பாதியில் நின்றுவிடும். எனவே மூன்று சொல், கூடினால் 20 குறி என்று வரம்பு வைத்து, ஸ்லக்கை எழுதுபவரே கையால் இடுவது நல்லது. தானாக உருவாக்கத்தான் வேண்டுமென்றால், சொல் எல்லையில் வெட்டும்படி நிரல் இருக்க வேண்டும்.

அப்படியானால் ஆங்கில எழுத்தில் வைக்கலாமே என்று தோன்றும். தானியங்கி ஒலிபெயர்ப்பை மட்டும் நம்ப வேண்டாம். அது யாழ்ப்பாணத்தை ஒலிப்படி எழுதித் தரும். ஆங்கிலத்தில் தேடுபவர் தட்டுவதோ 'ஜப்னா'. மட்டக்களப்பு, திருகோணமலை, கொழும்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆங்கில வடிவம் வேண்டுமென்றால் இடப்பெயர்களுக்கு ஒரு சிறிய அட்டவணை வைத்து, அதில் இல்லாத சொற்களை மட்டும் ஒலிபெயர்ப்புக்கு விட வேண்டும். தமிழில் தேடி வரும் வாசகருக்கான தளமாயின் தமிழ் ஸ்லக்கே வைக்க வேண்டும். நீளத்தை அடக்கினால் அதன் குறைகள் பொறுக்கத்தக்கவை.

ஸ்லக் உருவாக்கும் நிரல்தான் அதிகம் பிழை நேரும் இடம். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட பல நிரல்கள் யுனிகோடின் 'எழுத்து' வகையையும் 'எண்' வகையையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கிவிடும். தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் இருக்கின்றன. அதனால் 'கொழும்பு' சிதைந்து 'கழமப' ஆகும். வீடு, வடை, வாடை மூன்றும் 'வட' என்றாகும். அனுமதிக்கும் வகைகளில் 'குறி'யையும் சேர்த்தால் தீர்ந்தது.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத பிழை. 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பைட் அளவில் வேறு. பழைய எழுத்துரு ஆவணத்திலிருந்து மாற்றிய பனுவல்களில் இதைச் சந்திக்க நேரும். பி.எச்.பியின் இன்டில் நீட்சியில் உள்ள நார்மலைசரைக் கொண்டு, ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றியே சேமிக்க வேண்டும். வரும் முகவரிக்கு மட்டும் இதைச் செய்து, சேமித்ததை அப்படியே விட்டால், மேலே சொன்ன முடிவில்லாச் சுற்று மறுபடி தொடங்கும். நகலெடுத்த தலைப்புகளில் ஒளிந்து வரும் அகலமற்ற இணைப்பான்களையும் இந்தக் கட்டத்திலேயே நீக்கிவிடலாம்.

ஸ்லக்கைச் சேமிக்கும் தரவுத்தள நெடுவரிசைக்கு, ஓர் எழுத்துக்கு 4 பைட் வரை இடம் தரும் யுடிஎஃப்8எம்பி4 வேண்டும். பழைய மைஎஸ்கியூஎல்லில் தேடலை விரைவாக்கும் சுட்டெண்ணின் வரம்பு 767 பைட் என்பதால், சுட்டெண் இடும் நெடுவரிசையை 191 எழுத்துக்குள் வைப்பார்கள்.

வழங்கிப் பக்கத்தில் வேலை சிறியது. கோப்பும் கோப்புறையும் இல்லாத எந்த முகவரியையும் இன்டெக்ஸ் கோப்புக்கு அனுப்பும் சில வரி விதிகள் போதும். ஆனால் அந்த விதிகளை இடும் 'எச்.டி.அக்சஸ்' கோப்பு ஒன்றுமே செய்யவில்லை என்றால், முதலில் அலவ்ஓவர்ரைட் அமைப்பைப் பாருங்கள். அப்பாச்சி 2.4இல் அதன் இயல்புநிலை 'நன்', அதாவது கோப்பை வாசிக்கவே மாட்டாது. அந்தக் கோப்பில் விதியின் தொடக்கத்தில் சாய்கோடு போட்டாலும் பொருந்தாது. வழங்கியின் பிரதான அமைப்புக் கோப்பில் மட்டுமே அது பொருந்தும். அப்பாச்சியின் 'மல்டிவியூஸ்' வசதி இயங்கினால், விதிகளுக்கு முன்பே அதே பெயருடைய பி.எச்.பி கோப்பைப் பிடித்துக்கொடுத்துவிடும். அதை நிறுத்திவிட வேண்டும். என்ஜின்எக்ஸ் வழங்கி இந்தக் கோப்பைத் தொடுவதே இல்லை, அங்கே 'ட்ரை ஃபைல்ஸ்' கட்டளைதான்.

பழைய கேள்விக்குறி முகவரிகளைத் திருப்பும்போது, முகவரியை மாற்றும் விதியான ரீரைட்ரூல் கேள்விக்குறிக்குப் பின்னுள்ளதைப் பார்ப்பதில்லை என்பதை மறக்கக்கூடாது. அதற்கு நிபந்தனை வரியான ரீரைட்காண்டில் அந்தப் பகுதியை, அதாவது 'குவெரி ஸ்ட்ரிங்'கைச் சோதிக்க வேண்டும். புதிய முகவரியில் பழைய வால் ஒட்டாமலிருக்க 'கியூஎஸ்டி' கொடி வேண்டும். ஏற்கெனவே சதவீத வடிவிலுள்ள தமிழ் இலக்குக்கு 'என்இ' கொடி இடாவிட்டால், சதவீத அடையாளமே இன்னொரு முறை மாற்றப்பட்டு இணைப்பு உடையும். சோதிக்கும்போது 'தற்காலிக மாற்றம்' என்று சொல்லும் 302 வையுங்கள். தவறான 301ஐ உலாவி நினைவில் வைத்துக்கொண்டு படுத்தும்.

புதிய முகவரிக்கு மாறியதும் படங்களும் வடிவமைப்பும் காணாமற்போனால் பதற வேண்டாம். பக்கம் இப்போது /வீடு/4821/ என்ற கோப்புறைக்குள் இருப்பதாக உலாவி எண்ணுகிறது. படப் பாதைகளைச் சாய்கோட்டில் தொடங்கினால் சரியாகிவிடும்.

மும்மொழித் தளங்களில் மொழியை முகவரியின் முதற்பகுதியாக வைப்பது நல்லது. தமிழுக்குரிய குறி 'டிஏ'. 'டிஎம்' என்று வைத்துவிடுகிறவர்கள் உண்டு, அது துர்க்மெனிஸ்தானின் நாட்டுக்குறி. '.இலங்கை' ஆள்களப் பெயர், ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றும் பியூனிகோட் முறையில் மாறும். பாதைப் பகுதிக்குச் சதவீத முறைதான். இரண்டையும் ஒரே நிரலில் மாற்ற முயலக்கூடாது.

எல்லாவற்றையும் அழகுபடுத்தவும் தேவையில்லை. வாடகை வரம்பு, அறை எண்ணிக்கை, வரிசைப்படுத்தல் போன்ற வடிகட்டிகள் கேள்விக்குறிக்குப் பின்னாலேயே இருக்கட்டும். அவற்றையும் பாதையாக்கினால் ஒரே பட்டியலுக்கு நூறு முகவரி முளைக்கும். வாடகைக்குப் போய்விட்ட வீட்டின் பக்கத்தை முகப்புக்குத் திருப்பாமல் 410 ('நீக்கப்பட்டுவிட்டது') கொடுங்கள். இல்லாத எண்ணுக்கு 404 ('காணவில்லை'). பழைய முகவரிகளுக்கான 301களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. அந்த வரிகள் வழங்கிக்குப் பெரிய சுமை இல்லை, கழற்றாமலே விட்டுவிடலாம்.