கெய்ன்ஸ்வில்லில் ஸ்பரியர் உணவகம்: தட்டைவிடச் சுவரைப் பாருங்கள்

ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்குப் போனால், ஸ்பரியர்ஸ் கிரிடைரன் கிரில் உணவகத்துக்கு ஃபுளோரிடா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் ஊரே அணியின் நிறங்களான ஆரஞ்சும் நீலமுமாகத் திரண்டுவிடும். நின்று நிதானமாகச் சுவரைப் பார்க்க முடியாது. இங்கே பார்க்க வேண்டியதே சுவரைத்தான்.

ஐ-75 நெடுஞ்சாலைக்கு அருகே, செலிப்ரேஷன் பாயிண்ட் வளாகத்தில் 2021இல் திறந்த கடை இது. அந்த அணியின் முன்னாள் வீரரும் பயிற்சியாளருமான ஸ்டீவ் ஸ்பரியர் ஆடிய காலம், பயிற்சி தந்த காலம் இரண்டின் நினைவுப்பொருட்களும் இங்கே உண்டு. ஹாம்பர்கர் சூடு ஆறாமல் வந்தது, உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுவென்றிருந்தது. பரிமாறிய பெண், நான் மேசையை விட்டு எழுந்து எழுந்து போனதற்கு முகம் சுளிக்கவில்லை.

1966இல் ஆபர்ன் பல்கலைக்கழக அணியுடன் 27-27 என்று ஆட்டம் இழுபறியில் நின்றது. பந்தை எறிய வேண்டிய குவார்ட்டர்பேக் ஸ்பரியர், 40 கஜத்திலிருந்து தானே உதைத்து 30-27 என்று வென்றுகொடுத்தார். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை அந்த ஆண்டு கிடைத்ததும் அதைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டார். மாணவர்கள் பணம் திரட்டி அவருக்கு ஒரு நகல் வாங்கித் தந்தார்கள். வீரருக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று என இரண்டு கோப்பை தரும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

தொழில்முறை ஆட்டத்தில் அந்தப் பவிசு இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் பல ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரர். 1976இல் அவர் ஆடிய டாம்பா பே அணிக்கு 14 ஆட்டம், 14 தோல்வி. என்னைக் கேட்டால், கோப்பைகளைவிட இந்த ஆண்டைத்தான் சுவரில் பெரிய சட்டகம் போட்டு மாட்ட வேண்டும். அடி வாங்கிய அதே ஆள் பயிற்சியாளராகி, 1989இல் ட்யூக் பல்கலைக்கழகம் போன்ற எளிய அணியையே அதன் கல்லூரிக் குழுமத்தின் (கான்பரன்ஸ்) பட்டத்தைப் பகிர வைத்தார். 1990இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகத் திரும்பி 12 பருவங்களில் 122 வெற்றி. 1996 பருவத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழக அணியை 52-20 என்று சாய்த்துத் தேசியப் பட்டம்.

மாடி மதுக்கூடத்தின் பெயர் ‘வைசர்ஸ்’; வைசர் என்றால் வெயில் தொப்பி. பயிற்சியாளராக இருந்தபோது, கோபம் வந்தால் நெற்றியிலிருக்கும் அந்தத் தொப்பியைக் கழற்றித் தரையில் விசிறியடிப்பது ஸ்பரியர் பழக்கம். அதைச் சொல்லிச் சிரிக்கத் தெரிந்த கடைக்கு நான் மறுபடி போவேன். வயிறு நிறைந்ததும் காரை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக மைதானத்துக்குப் போங்கள். வெளியே அவர் சிலை இருக்கிறது.