401(கே) கடன்: வேலையில் இருக்கும்வரை நல்ல வசதி

அமெரிக்காவில் 401(கே) கடனை, அதாவது வேலை வழியாகச் சேர்க்கும் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து நாமே வாங்கும் கடனை, தாராளமாகப் பரிந்துரைக்கலாம், வேலை உறுதியாக இருந்தால். தவணை ஒழுங்காகக் கட்டும்வரை வரிக் கணக்கில் காட்டவே வேண்டாம். தவறினால், திட்டம் தரும் அவகாசமும் (அதிகபட்சம் அடுத்த காலாண்டு முடிவு) தாண்டியதும் பாக்கி முழுதும் வருமானம்: ஓய்வூதியத் திட்டத்திலிருந்து எடுத்த தொகையைக் காட்டும் 1099-ஆர் படிவத்தின் 7-ஆம் கட்டத்தில் 'எல்' என்ற குறியீடு வரும். அதை ஐ.ஆர்.ஏ.வுக்கு (தனிநபர் ஓய்வூதியக் கணக்கு) மாற்ற வழியே இல்லை. வேலையை விட்டதால் கடன் பாக்கியைத் திட்டம் உங்கள் சேமிப்பிலிருந்து கழித்துக்கொண்டால் 'எம்' வரும். அந்த ஆண்டுக்கான வரித் தாக்கல் கெடுவுக்குள், நீட்டிப்பும் சேர்த்து, கழித்த தொகைக்குச் சமமான கைக்காசை ஐ.ஆர்.ஏ.வில் போட்டால் வரி இல்லை. இந்தச் சலுகையைத் தவறவிடாதீர்கள்!

முன்கூட்டியே பணம் எடுப்பதுதான் மோசம். தரும்போதே வரிக்காகப் பிடிக்கும் 20% வெறும் முன்பணம். 59½ வயதுக்கு முன் 10% கூடுதல் வரி தனி. 55 வயதாகும் ஆண்டிலோ பிறகோ அந்த வேலையை விட்டவர்கள், அதே 7-ஆம் கட்டத்தில் குறியீடு '1' என்றிருந்தால், கூடுதல் வரிக்கான 5329 படிவத்தில் '01' என்ற எண்ணிட்டு விலக்கு கோரலாம்.