சாயக்கழிவுநீருக்கு ஃபென்டனா, ஓசோனா?

திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறையை நிறைவேற்றினால்தான் மீண்டும் இயங்கலாம் என்றானது. அங்கே காற்றூட்டத் தொட்டியின் நுண்ணுயிர்கள் தின்னாமல் விட்ட கரிமப் பொருள், அடுத்திருக்கும் ஆர்ஓ (எதிர் சவ்வூடு பரவல்) சவ்வுகளில் படிந்து அடைக்கிறது. அதை நுண்ணுயிர்கள் தின்னும் பதத்துக்குக் கொண்டுவரவே ஆக்சிஜனேற்றம்; அதற்கான இரு வழிகள் ஃபென்டனும் ஓசோனும்.

பிஓடியை (நுண்ணுயிர்கள் கரிமத்தைத் தின்னச் செலவாகும் ஆக்சிஜன்) சிஓடியால் (வேதிமுறையில் கரிமத்தை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன்) வகுத்து, 0.3க்குக் கீழே வந்தால் நுண்ணுயிர்கள் திணறும், 0.4ஐத் தாண்டினால் தாராளமாகத் தின்னும் என்பது நடைமுறைக் கணக்கு. இந்த விகிதத்தை உயர்த்தினால் போதும். எல்லாவற்றையும் கார்பன் டை ஆக்சைடாக எரிக்க நினைத்தால், ஒரு கிலோ சிஓடிக்குச் சுமார் 2.1 கிலோ ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். அந்தச் செலவில் எந்தப் பட்டறையும் பிழைக்காது.

ஃபென்டன் முறை எளியது: அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) பெராக்சைடும் சேர்ந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை (மிகுந்த வினைத்திறன் கொண்ட மூலக்கூறுத் துண்டுகள்) உண்டாக்க, அவை எதிர்ப்பட்ட கரிமத்தையெல்லாம் தாக்கும். அமிலம் தாங்கும் தொட்டியும் கலக்கியும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். ஆனால் பிஹெச் (அமில-கார அளவு) 3 அருகில் இருக்க வேண்டும். சாயநீரோ சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கலந்து 10ஐத் தொட்டு நிற்கும். கந்தக அமிலத்தால் இறக்கி, பிறகு சுண்ணாம்பால் ஏற்றினால் இரும்புக் கசடு மலைபோல் சேரும். கூடவே நீரில் ஜிப்சமும் உருவாகும். அந்த ஜிப்சம் ஆர்ஓ சவ்வில் செதிலாகப் படியும். காஸ்டிக் சோடாவால் ஏற்றினால் ஜிப்சம் தொல்லை குறையும், ஆனால் உப்பு கூடி, ஆர்ஓ ஒதுக்கும் உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கியின் செலவு எகிறும். விற்பனையாளர்களின் விலைப்பட்டியலில் இந்த வரி மட்டும் ஏனோ இருப்பதில்லை.

இன்னொரு பொறி, மிஞ்சிய பெராக்சைடு. அது நுண்ணுயிர்களைக் கொல்லும்; சிஓடி சோதனையின் டைகுரோமேட்டுடன் வினைபுரிந்து அளவையும் கூட்டிக் காட்டும். சுத்திகரித்த நீரின் சிஓடி ஏறிவிட்டதே என்று ஆய்வகம் பதறும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஓசோன் அசோ சாயங்களின் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பை நேரடியாக உடைக்கிறது. சில நிமிடங்களில் நிறம் போய்விடும், சிஓடியோ பெரிதாக அசையாது. இதைக் கண்டு ஏமாந்து ஓசோனை ஓரங்கட்டுகிறவர்கள் பிஓடியை அளந்து பார்ப்பதில்லை. உடைந்த துண்டுகள் பல, சிறு அமிலங்களாகத் தின்னத் தயாராக இருக்கும். கசடு இல்லை, உப்பும் அதிகரிப்பதில்லை. குறைகளும் உண்டு: ஆக்சிஜனிலிருந்து தயாரித்தால் கிலோவுக்குப் பத்து யூனிட் அளவில் மின்சாரம், எஞ்சிய வாயுவை அழிக்கும் கருவி, பணியிடக் காற்றில் 0.1 பிபிஎம் வரம்புக்கான கண்காணிப்பு. ஓசோனிலிருந்து பிறக்கும் தனி உறுப்புகளைச் சோடா ஆஷின் கார்பனேட் விழுங்குவதால், இரட்டைப் பிணைப்பு இல்லாத சாயமேற்றத் துணைப்பொருள்கள் பலவும் மெதுவாகவே சிதையும். ஃபென்டனில் அமிலம் சேர்த்ததும் கார்பனேட் வாயுவாக வெளியேறிவிடுவதால் இந்தத் தொல்லை கிடையாது.

சூரிய ஒளி ஃபென்டன் காகிதத்தில் அழகு. நிறமுள்ள நீர் ஒளியைத் தடுக்கும், பெரிய பரப்பும் வேண்டும். மின்னாற்பகுப்பு ஆக்சிஜனேற்றம், குளோரைடு மிகுந்த நீரில் குளோரின் ஏறிய கரிமங்களை உண்டாக்கும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

ஆர்ஓ உள்ள சாய நிலையத்துக்கு என் வாக்கு ஓசோனுக்கு. ஒரு மருந்து ஆலையின் தனியே பிரித்தெடுத்த, அளவில் சிறிய, சிஓடி மிகுந்த கழிவுநீருக்கு ஃபென்டன் பொருந்தும். எதுவானாலும் முதல் உயிரியல் தொட்டிக்குப் பின் வையுங்கள். முன்னால் வைத்தால் நுண்ணுயிர்கள் இலவசமாகத் தின்றிருக்கும் பொருளுக்கும் ஆக்சிஜனேற்றி செலவாகும். ஆக்சிஜனேற்றத்துக்குப் பின்னும் ஒரு உயிரியல் தொட்டி வேண்டும். அளவைத் தீர்மானிக்க, உங்கள் தொட்டியில் பழகிய நுண்ணுயிர்களைக் கொண்டே ஆக்சிஜனேற்றியின் ஒவ்வொரு அளவுக்கும் பிஓடி பாருங்கள். விகிதம் ஏறாமல் தட்டையாகும் இடத்தில் நிறுத்திவிடலாம்.