எட்டு வருடமாக எக்ஸிஃப்டூல்: சுங்கை சிப்புட் வக்கீல் ஆபீசிலிருந்து

மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில், முதல் மாடியில் இருக்கும் ஒரு சின்ன வக்கீல் ஆபீசில் நான் கிராணி, அதாவது எழுத்தர். இரண்டு வக்கீல்கள், இரண்டு கிராணிகள், ஒரு ஸ்கேனர். வருகிறவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்கள், இல்லையென்றால் தோட்டத்தை விட்டு வந்து பட்டணத்தில் தொழில் பார்ப்பவர்கள். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர், உரம் போடும் குத்தகைக்காரர், கடன் கொடுத்துவிட்டு அலைகிறவர். எல்லாம் சிவில் வழக்குகள்.

2016 கடைசியில் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளை ஆபீஸ் கணினியில் போட்டேன். பில் ஹார்வி என்பவர் 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். படங்களுக்குள் இருக்கும் விவரங்களைப் படிப்பதில்தான் அது பெயர் வாங்கியது. வேர்டு, எக்செல், பிடிஎஃப் கோப்புகளையும் படிக்கும். அன்று முதல் வாரத்தில் மூன்று நான்கு நாளாவது அதைத் திறக்காமல் இருந்ததில்லை.

இப்போதைய வேர்டு கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதை அவிழ்த்தால் உள்ளே சின்னச் சின்னக் கோப்புகள் கிடக்கும். ஒன்றில் யார் உருவாக்கியது, எப்போது, கடைசியாகச் சேமித்தவர் யார், எத்தனை தடவை சேமிக்கப்பட்டது என்று இருக்கும். இன்னொன்றில் மொத்தம் எத்தனை நிமிடம் திருத்தினார்கள், எந்த மாதிரிக் கோப்பிலிருந்து தொடங்கினார்கள், கணினியில் பதிவான கம்பெனிப் பெயர் என்ன என்பதெல்லாம் இருக்கும். காகிதத்தில் அச்சடித்த கடிதத்தில் இவை ஒன்றுமே தெரியாது. இந்த விவரங்களைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். இவை கோப்புக்குள்ளேயே இருப்பவை. விண்டோஸ் தன் பங்குக்கு வெளியே வைத்திருக்கும் தேதிகள் வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் முதல் பாடம் படித்தேன்.

2018-இல் ஒரு லாரிக்கார அண்ணன் வந்தார். தோட்டத்திலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றிய கூலியில் ஒரு லட்சத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) பாக்கி. ஈப்போ செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு. அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், தினமும் இரவு சமையல் முடிந்த பிறகு எக்செலில் கணக்கு எழுதியிருக்கிறார்: தேதி, லாரி நம்பர், எடைச்சீட்டு நம்பர், எத்தனை டன். மாதத்துக்கு ஒரு கோப்பு. எங்களிடம் வருவதற்கு முன் மகன், “அம்மா, லாயருக்கு அழகாகக் கொடுக்கணும்” என்று சொல்லி எல்லா மாதத்தையும் ஒரே புதிய கோப்பில் ஒட்டி, நிறம் போட்டு, பென் டிரைவில் கொண்டுவந்தான். நானும் அப்படியே வாங்கி, கோர்ட்டுக்கான ஆவணப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். உருவாக்கிய தேதி 2018 மே. நோட்டீஸ் அனுப்பியதற்கு மூன்று வாரம் பின்னால். வழக்குக்காகவே தயாரித்த கணக்கு, உண்மைத்தன்மையை ஏற்கமாட்டோம், பார்ட் சி-யில் போடுங்கள் என்று கடிதம் வந்தது. இங்கே கோர்ட்டில் தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்புக்கு மூன்று பகுதி உண்டு. ஆவணம் உண்மையானது, உள்ளே இருப்பதும் சரி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் பார்ட் ஏ. ஆவணம் உண்மை, உள்ளே இருப்பதில்தான் தகராறு என்றால் பார்ட் பி. இரண்டிலும் தகராறு என்றால் பார்ட் சி. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, “நான் பொய்க்கணக்கு எழுதினேன்னு சொல்றாங்களா தங்கச்சி?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தப்பு என் மேல். வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: “அக்கா, இதை முதல்ல எந்தக் கணினியில எழுதினீங்க?”

பழைய லேப்டாப் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சார்ஜர் இல்லை. நல்லவேளை, மகன் நகலெடுத்த பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை. ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக்காரரிடம் கொடுத்து, வட்டை வெளியே எடுத்து, அதில் எதையும் எழுத முடியாதபடி தடுக்கும் கருவி வழியாக முழு நகல் எடுத்தோம். அந்த நகலில்தான் எக்ஸிஃப்டூலை ஓட்டினேன். ஒரே கட்டளையில் எல்லா மாதக் கோப்புகளின் விவரமும் ஒரு அட்டவணையாக வந்து விழுந்தது. 2014 மார்ச்சில் தொடங்கி ஒவ்வொரு மாதக் கோப்பும் அந்தந்த மாதத்தின் முதல் வாரத்தில் உருவாகியிருந்தது. கடைசியாகச் சேமித்த தேதி மாதக் கடைசியிலோ அடுத்த மாதம் ஒன்று, இரண்டாம் தேதியிலோ இருந்தது. 2015 அக்டோபர் கோப்பு மட்டும் நவம்பர் 14-ல் முடிந்திருந்தது. அக்காவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “தீபாவளி வந்துச்சேம்மா, பலகாரம் சுடுறதுல கணக்கு நின்னுபோச்சு” என்றார். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 10.

ஒரு தேதியை மாற்றுவது யாருக்கும் சுலபம். வீட்டு வேலையும் பண்டிகையும் சேர்ந்து உண்டாக்கிய இப்படி ஒரு ஒழுங்கை உட்கார்ந்து ஜோடிப்பது மிகவும் கஷ்டம். கூடுதல் பட்டியல் கொடுத்தோம். அந்தக் கோப்புகள் பார்ட் பி-க்கு வந்தன. டன் கணக்கில் வாதம் தொடர்ந்தது, ஆனால் அக்கா எழுதியதை யாரும் பொய்க்கணக்கு என்று மறுபடி சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் வேலை முறையே மாறிவிட்டது. யாராவது பென் டிரைவை நீட்டினால் முதலில் திறப்பதில்லை. விண்டோஸில் சாதாரணமாக இழுத்துப் போட்டு நகலெடுத்தால், திருத்திய தேதி பழையபடி இருக்கும், உருவாக்கிய தேதி மட்டும் நகலெடுத்த நாளாகிவிடும். பிறந்த தேதிக்கு முன்பே திருத்திய தேதி வந்து நிற்கும். விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது மோசடி போலவே தெரியும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை கோப்புகளின் தேதிகளைக் காப்பாற்றும். கோப்புகளை வைக்கும் உறைகளின் (ஃபோல்டர்) தேதியும் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நகல் எடுத்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 முத்திரை எடுத்து எழுதிவைக்கிறேன். 64 எழுத்து கொண்ட கைரேகை மாதிரி. கோப்பின் பெயரை மாற்றினால் முத்திரை மாறாது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் முழுக்க மாறிவிடும். யார் கொடுத்தார், எந்த நாள், எந்தக் கணினியிலிருந்து என்பதை ஒரு கெட்டி அட்டை நோட்டில் பேனாவால் எழுதுகிறேன்.

அப்புறம் ஒரு எட்டு மணி நேர வித்தியாசம். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் அசந்திருந்தால் நாங்களே அநியாயம் செய்திருப்போம். வேறொரு வழக்கில் எதிர்த்தரப்பு கொடுத்த வேர்டு கடிதம் அதிகாலை 2:40-க்கு உருவாக்கப்பட்டதாகக் காட்டியது. எங்கள் இளைய வக்கீலுக்கு ஒரே பரபரப்பு. எந்த ஆபீசில் நடுராத்திரியில் உட்கார்ந்து விலைக்குறைப்புக் கடிதம் அடிப்பார்கள், இது ராத்திரியோடு ராத்திரியாகச் செய்த வேலை என்று கடுமையாக ஒரு கடிதம் தயாரித்துவிட்டார். நான் அட்டவணையை மறுபடி பார்த்தேன். விண்டோஸ் வைத்திருக்கும் தேதிகளுக்குப் பின்னால் கூட்டல் 08:00 என்று இருந்தது. வேர்டு கோப்புக்குள்ளிருந்து வந்த நேரத்தின் கடைசியிலோ ‘இசட்’ என்ற ஒற்றை எழுத்து. அது உலகப் பொது நேரம் என்பதற்கான குறி. மலேசிய நேரத்துக்கு எட்டு மணி கூட்ட வேண்டும். காலை 10:40. யாரோ ஒரு கிராணி பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்து அடித்த கடிதம். கடிதம் அனுப்பவில்லை. எக்ஸிஃப்டூல் ஒரே பக்கத்தில் இரண்டு நேரக் கணக்கையும் அடுத்தடுத்துக் காட்டும், தானாக ஒன்றாக்காது. என்னைக் கேட்டால் அது நல்லதுதான், கோப்பில் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். ஆனால் படிப்பவர் கண் கூர்மையாக இருக்க வேண்டும்.

சிரமங்களும் உண்டு. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். என் சக கிராணி இரண்டு வருடம் அதைத் தொடவே பயந்தார். தமிழில் பெயர் வைத்த கோப்புகள் விண்டோஸில் தகராறு செய்யும். கோப்புப் பெயர் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறி முறையில் இருக்கிறது என்று கட்டளையிலேயே சொன்னால்தான் கண்டுகொள்ளும். வெளியே வரும் அட்டவணையை எக்செலில் நேராகத் திறந்தால் தமிழெல்லாம் கோழிக்கிறுக்கலாகிவிடும், இறக்குமதி வழியாகத்தான் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், இந்த மென்பொருள் படிப்பதோடு நிற்காது, படம், பிடிஎஃப் போன்ற கோப்புகளில் எழுதவும் செய்யும். தேதியை மாற்றச் சொன்னால் மாற்றிவிடும். பழைய கோப்பைப் பெயரில் ஒரு வால் சேர்த்துப் பக்கத்தில் வைக்கும் என்றாலும், ஆதாரக் கோப்பின் மேல் அதை ஓட்டவே கூடாது. நகலில் மட்டும்.

சட்டப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 நீதிமன்ற விதிகளில் ஆர்டர் 24-இன் கீழ் ஆவணப் பட்டியல் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். கணினி தயாரித்த ஆவணத்துக்கு 1950 சாட்சியச் சட்டத்தில் 90ஏ பிரிவு, 1993-இல் சேர்த்தது. கணினியின் இயக்கத்துக்குப் பொறுப்பானவர் சான்றிதழ் கொடுக்கலாம். அக்காவின் லேப்டாப்புக்குப் பொறுப்பானவர் அக்காதான், அவரே கையெழுத்துப் போட்டார். வெளிநாடுகளில் இதைப் பற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2005-இல், ஸ்பிரிண்ட் கம்பெனிக்கு எதிராக வேலை இழந்தவர்கள் போட்ட வழக்கில், கம்பெனி எக்செல் கோப்புகளின் மெட்டாடேட்டாவை அழித்து, கட்டங்களைப் பூட்டிக் கொடுத்தது. கோப்பு வழக்கமாக எப்படி வைக்கப்பட்டிருந்ததோ அப்படியே, மெட்டாடேட்டாவோடு கொடுக்க வேண்டும், மறுப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கான்சாஸ் கோர்ட் சொன்னது. அடுத்த வருடம் டிசம்பர் 1-இல் அந்த நாட்டுச் சிவில் விதிகளிலேயே மின்னணுத் தகவல் தனியாக இடம் பிடித்தது. இங்கிலாந்தில் 2010 முதல் இதற்கென்றே ஒரு நடைமுறைக் குறிப்பு இருக்கிறது. எதிர்த்தரப்பிடம் மூலக் கோப்பு கேட்டு எழுதும் கடிதத்தில், காகிதமோ பிடிஎஃபோ போதாது, வேர்டு கோப்பு வேர்டாகவே, மின்னஞ்சல் அதன் தலைப்பு வரிகளோடு வேண்டும் என்று இப்போது முதல் வரியிலேயே சேர்க்கிறோம். அச்சடித்து ஸ்கேன் செய்த பிடிஎஃபில் ஸ்கேன் செய்த நாள்தான் இருக்கும், கடிதம் பிறந்த நாள் இருக்காது.

எக்ஸிஃப்டூல் சொல்லாததும் இருக்கிறது. கணினியின் கடிகாரமே தப்பென்றால் கோப்பில் உள்ள தேதியும் தப்பு. தோட்டத்து ஆபீஸ்களில் இடி மின்னலில் மின்சாரம் போய் வந்தபின், உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்த கணினிகள் வருடக்கணக்கில் பின்னோக்கிப் போய்விடும். அதனால் ஒரு தேதியை மட்டும் நம்பி எதையும் எழுதுவதில்லை. மின்னஞ்சல் போன நேரம், எடைச்சீட்டு, வங்கிக் கணக்கு, ஏதாவது ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரமும் இடமும் போய்விடும். கோப்புப் பெயரில் 20190312 என்று இருந்தாலும் அது வாட்ஸ்அப் வைத்த தேதி, கேமரா வைத்தது அல்ல. ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளே இருப்பது தப்பும். இதை வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். இடிந்த சுவரைப் படம் எடுத்து அனுப்பும் பாட்டியிடம்கூட, “பாட்டி, அனுப்ப வேணாம், போனையே கொண்டு வாங்க” என்கிறேன்.

நாங்கள் எழுதி எதிர்த்தரப்புக்கு அனுப்பும் சமரச வரைவுகளில் மட்டும் கதை வேறு. அதில் பழைய திருத்தங்களும் வக்கீலின் குறிப்புகளும் ஒளிந்திருந்தால் கட்சிக்காரரின் ரகசியம் வெளியே போய்விடும். அவற்றை வேர்டின் பரிசோதனைக் கருவியால் சுத்தம் செய்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். ஆதாரக் கோப்பு ஒரு உறையில், எங்கள் வரைவு இன்னொரு உறையில். இரண்டும் ஒரே வட்டில்கூட இருப்பதில்லை. போன மாதம் புதிதாக வந்த தங்கை முதல் நாளே ஒரு பென் டிரைவை வாங்கிச் சொருகப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கெட்டி அட்டை நோட்டைத்தான் முதலில் கொடுத்தேன்.